ஒயர்லதான் கோளாறு

"யாரு பிடுங்கினது?"

முதலாளி கேட்ட கேள்வியில் அந்தப் பதிப்பக அலுவலகத்தில் எல்லாத் தலைகளும் குனிந்துகொண்டன.

மேஜை மேல் கையடக்கமான ஒரு ஹார்டு டிஸ்க். பாடப்புத்தகத்தின் மொத்தப் பக்கங்களும் அதில்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது. இன்னொரு டிஸ்க் வாங்க முதலாளிக்கு மனசு வந்தால்தானே! அச்சகத்தில் மிஷினை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் சொருகினால், 'திறக்க முடியவில்லை' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

"டிஸ்க்ல ஏறிட்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். போன தடவை ஒருத்தன வீட்டுக்கு அனுப்பினேன். இப்பவும் யாருன்னு தெரிஞ்சா அதே கதிதான்."

பக்கங்களை வடிவமைக்கும் லே-அவுட் பெண் டிஸ்க்கைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன். மகளுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றார்கள். படங்கள் எல்லாம் டிஸ்க்கில் ஏறிவிட்டதாகத்தான் திரை காட்டியது. 'இனி கழற்றலாம்' என்ற வரி வருவதற்குள் பிடுங்கிப் பொது டிராயரில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் வந்தார். ஆபீஸில் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. வந்ததும் வராததுமாகக் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்தார்.

"டிஸ்க் சொருகியிருக்குன்னு கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸுக்குத் தெரியுது. பேரு, அளவு எல்லாம் சரியா காட்டுது. உள்ளதான் விட மாட்டேங்குது" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

இன்னொரு கட்டளை. வரி வரியாக என்னவோ ஓடியது. ஓரிடத்தில் நிறுத்திப் படித்தார்.

"என்னய்யா, பிடுங்கினதுதானே?" என்றார் முதலாளி.

"பார்க்கணும் சார்."

லே-அவுட் பெண் ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணே... காலையில நான்தான்..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. இதுல உங்களுக்கு என்ன தெரியும்?"

சுள்ளென்று விழுந்த அந்த வார்த்தையில் அவள் முகம் சுருங்கிப்போனது. பக்கத்து மேஜையில் பிழை திருத்தும் புரூஃப் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பாவம், வாயே திறக்காத பொண்ணு. அவகிட்டயா வள்ளுன்னு விழணும்? என்ன மனுஷனோ!"

சிஸ்டம்காரர் காதில் வாங்கவில்லை. "எல்லாரும் பின்னாடி வந்து நிக்காதீங்க. தள்ளிப் போங்க" என்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அச்சகத்திலிருந்து மறுபடி போன். முதலாளி இங்கும் அங்கும் நடந்தார். "ஆகுமா, ஆகாதா? ஒண்ணு சொல்லித் தொலைய்யா."

"ஓடிட்டிருக்கு சார்."

திரையில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. லே-அவுட் பெண் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வேலையும் போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கடைசியில் அவர் டிஸ்க்கிலிருந்த ஒயரைக் கழற்றினார். பையிலிருந்து வேறொரு ஒயரை எடுத்துச் சொருகினார். டிஸ்க் திறந்தது. பக்கங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

"ஒயர்லதான் கோளாறு சார். யாரும் எதையும் பிடுங்கல." பழைய ஒயர் குப்பைத் தொட்டிக்குப் போனது.

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "ஒரு ஒயர் போனதைக் கண்டுபிடிக்க இத்தனை நேரமா? நீ கிழிச்ச லட்சணம் போதும். அடுத்த மாசத்துலேருந்து வேற ஆளப் பார்த்துக்கறேன்."

"சரிங்க சார்."

பையை மாட்டிக்கொண்டு போகிற போக்கில் லே-அவுட் பெண்ணின் மேஜை அருகே நின்றார். "கழட்டலாம்னு அதுவா சொல்ற வரைக்கும் கைய வைக்காதீங்கம்மா" என்றார், அதே சிடுசிடுப்போடு.

பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாரும் டீ குடிக்கப் போனதும் அவள் குப்பைத் தொட்டியிலிருந்து அந்த ஒயரை எடுத்துத் துடைத்தாள். டிஸ்க்கில் மாட்டி, கம்ப்யூட்டரில் சொருகினாள்.

சொருகிய கையோடு திறந்துகொண்டது. ஒயரில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்புத் திரையில் அவர் சரிசெய்தது டிஸ்க்கைத்தான்.

'இனி கழற்றலாம்' என்ற வரி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு ஒயரைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, முதலாளி அறைக் கதவைத் தட்டினாள்.