எலி வேலை

மாட்டு வண்டியிலிருந்து டபுள் பேஸ் என்கிற அந்தப் பெரிய பிடிலை இறக்குவதற்கு முன்பே அருள்தாஸ் சொல்லிவிட்டான்.

"திரும்பவும் எரைச்சல் வருது சிட்டு. உள்ள இன்னாவோ கீது."

மூன்று மாதம் கழித்துப் புருஷன் முகத்தைப் பார்த்த சிட்டம்மாளுக்குச் சந்தோஷம் வந்ததென்னவோ நிஜம். வந்த சுருக்கில் அது போயும் விட்டது.

ஏனென்றால், இந்தத் தடவை அவள் உள்ளே எதையும் வைக்கவில்லை.

ஆளைவிட உயரமான அந்தப் பிடிலை மானாம்பதியில் பார்க்காதவர் கிடையாது. பட்டணத்தில் சினிமாப் பாட்டுக்கு அதை வாசிக்கிறவர்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர். அதில் ஒருத்தன் அருள்தாஸ்.

உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள். மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். வாத்தியத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் மறுபேச்சு கிடையாது. அவன் தங்கியிருக்கும் அறையிலோ அதைப் படுக்கப் போட்டுப் பார்க்க இடமில்லை. ஊருக்குத்தான் தூக்கிவர வேண்டும்.

எழுபத்தாறாம் வருஷம் கல்யாணம் ஆன புதிதிலேயே சிட்டம்மாள் இதைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பட்டணம் கிளம்புகிற அன்று, குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, வளையல்களைக் கழற்றி வைப்பாள். வாத்தியத்தின் வயிற்றில் வளைந்து கிடக்கும் துளைக்குள் விரல்களை விட்டு, சோற்றுப் பசை தடவிய ஒரு புளியங்கொட்டையை உள்பக்கமாக ஒட்டுவாள். பசை காய்ந்து, வில்லை இழுக்கிற அதிர்வில் கொட்டை பெயர்ந்து விழ இருபது நாள் ஆகும். மிஞ்சிப்போனால் ஒரு மாதம்.

ஆள் வந்துவிடுவான்.

டார்ச் அடித்து, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, தேடோ தேடென்று தேடி, கடைசியில் கவிழ்த்துக் குலுக்கிக் கொட்டையை எடுப்பான். "எலி வேலை" என்பான். அவளும் கூடச் சேர்ந்துகொண்டு அந்த எலியை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அப்புறம் இரண்டு நாள் அவன் வீட்டில் இருப்பான்.

போன தடவைதான் எல்லாம் கெட்டது.

சாப்பிட்டுக்கொண்டே, வழக்கம்போல மற்ற வாத்தியக்காரர்கள் சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தான். முனிரத்தினம் வில்லுக்குப் புதுக் குதிரை மயிர் போட்டிருக்கிறானாம். ஏகாம்பரத்துக்கு யாரோ சிங்கப்பூரிலிருந்து கம்பி கொண்டுவந்து கொடுத்தார்களாம். பேச்சோடு பேச்சாக, பாட்டைப் பதிவு செய்கிறவர் இரைச்சலைக் கேட்டுவிட்டு இவனை வெளியே அனுப்பியதையும், ஒரு பெரிய படத்தின் நாலு நாள் வேலை ஏகாம்பரத்துக்குப் போனதையும் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சிட்டம்மாளுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இனிமேல் கொட்டையைத் தொடுவதில்லை என்று மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். அதைக் காப்பாற்றவும் செய்தாள்.

ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. கடுதாசிதான் வந்தது, ஆள் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அப்படியிருக்க, இப்போது எங்கிருந்து வந்தது இரைச்சல்?

அருள்தாஸ் கூடத்தில் பாய் விரித்து வாத்தியத்தைப் படுக்கப் போட்டான். உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கிற சின்னக் கட்டை சாய்ந்துவிட்டதோ? அது சாய்ந்தால் திரும்ப நிறுத்துவதற்குள் உயிர் போய்விடும் என்று அவன் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சோற்றுப் பசைக்குப் பூச்சி வரும். இத்தனை வருஷம் தடவின பசைக்கு வந்த பூச்சி மரத்துக்குள் இறங்கியிருந்தால்? இப்படி இன்னொன்று வாங்க இந்த ஜென்மத்தில் முடியுமா? அவனோடு இரண்டு நாள் இருக்க ஆசைப்பட்டு அவன் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

டார்ச்சை அவள்தான் பிடித்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுக் கோச்சிக்கக் கூடாது" என்றாள்.

"இரு. ஆப்ட்டுச்சு."

வாத்தியத்தை மெல்லக் கவிழ்த்துப் பிடித்தான். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. துளை வழியாக வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

புளியங்கொட்டை.

சிட்டம்மாள் அதை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தடவுகிற சோற்றுப் பசை வெள்ளையாகக் காய்ந்து பொலபொலவென்று உதிரும். இதில் ஒட்டியிருந்தது தேன் நிறத்தில் கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. கோந்து. பட்டணத்திலிருந்து அவன் போடும் கடுதாசிகளின் வாயை ஒட்டியிருக்குமே, அதே கோந்து.

அவளுக்குக் காது இரண்டும் சூடேறின. டார்ச்சை அணைக்கத் தோன்றாமல் அவனைப் பார்த்தாள்.

அருள்தாஸ் தலை நிமிராமல் வாத்தியத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பட்டணத்துலயும் ஒரு எலி கீது சிட்டு" என்றான். "மூணு மாசமா ஊரு எலியக் காணோமேன்னு, அதுவே வேலைய ஆரம்பிச்சிட்ச்சு."