யாருடைய முழங்கை?

"எங்க, உன் முழங்கையைக் காட்டு!"

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்த செல்லக்கிளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே முனீஸ்வரி நின்றாள். ஒரு கையில் சதுரமான போட்டோ, இன்னொரு கை இடுப்பில்.

"எதுக்குக்கா?"

"காட்டுன்னா காட்டு. எங்க வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கப் போட்டேன். பையில இது இருந்துச்சு."

செல்லக்கிளி போட்டோவை வாங்கிப் பார்த்தாள். மிகப் பக்கத்தில் வைத்து எடுத்த மங்கலான படம். வெளிச்சம் பளீரென்று அடித்திருந்தது. நடுவில், மடக்கிய கை மாதிரி ஒன்று. முகம் இல்லை, சேலைத் தலைப்பு இல்லை, எந்த ஊர் என்று அடையாளம் சொல்ல ஒரு சுவர்கூட இல்லை.

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆண்டிச்சாமி தங்கமான மனிதர் என்று அந்தக் காம்பவுண்டே நம்பியது. முனீஸ்வரி மட்டும் தை மாதத்திலிருந்து நம்பவில்லை. தையில்தான் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். "புழுக்கமா இருக்கு" என்றார். அந்தத் தையில் மதுரை ஜில்லாவிலேயே புழுங்கிய ஒரே ஆள் அவர்தான். அப்புறம் வியாழக்கிழமைதோறும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். போன வாரம் வெங்கடேஷ்பாபு ஸ்டூடியோவில் ஒரு கேமராவை இரவல் வாங்கி வந்தார். படம் எடுத்த கையோடு அட்டையை வாய்வழியே துப்புகிற வெளிநாட்டுக் கேமரா.

"சாதா கேமரான்னா பிலிமைக் கழுவும்போது வெங்கடேஷ்பாபு பார்த்துருவான்ல? அதான் துப்புற கேமரா. எம்புட்டு யோசிச்சிருக்காரு பாரு!" என்றாள் முனீஸ்வரி.

செல்லக்கிளி தன் முழங்கையை மடக்கிப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நல்லாப் பாத்துக்கக்கா. எனக்கு இம்புட்டுக் கோணலாவா இருக்கு?"

இல்லைதான். முனீஸ்வரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

எதிர்வீட்டு மீனலோசனியும் தானாக வந்து மடக்கிக் காட்டினாள். அவளுடையது நல்ல சிவப்பு. அதுவும் இல்லை.

"வளையல் தடமே காணோமே," என்றாள் மீனலோசனி.

"படத்துக்காகக் கழட்டி வச்சிருப்பா, சிறுக்கி!"

முனீஸ்வரியின் மாமியார் சின்னத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போட்டோவை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தாள். "நெறத்தைப் பார்த்தா நம்ம சொந்தபந்தம் மாதிரித்தான் தெரியுது," என்றாள்.

முனீஸ்வரி போட்டோவைப் பிடுங்கினாள். சொந்தம் என்றால் பரவையில் இருக்கும் ஜெயக்கொடி! ஆண்டிச்சாமியின் மாமன் மகள். அவருக்கென்றே பேசி வைத்திருந்தவள்.

"முகத்தைக்கூட எடுக்காம முழங்கையை எடுத்திருக்காருன்னா எம்புட்டு ஆசை இருக்கணும்! என்னைய ஒரு படம் எடுத்திருப்பாரா? கல்யாணத்துல எடுத்ததோட சரி!" என்று உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

"அவசரப்படாதக்கா. எங்க அக்கா வந்திருக்கா. ஊர் ஊரா வளையல் போட்டு விடுறவ. பரவையில இருந்து அழகர்கோவில் வரைக்கும் அவ பிடிக்காத கை கெடையாது. ஜெயக்கொடியா இல்லையான்னு பார்த்ததும் சொல்லிருவா," என்று செல்லக்கிளி போட்டோவை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

அந்நேரம் பார்த்து ஆண்டிச்சாமி சாப்பாட்டுக்கு வந்தார். வாசலில் பெட்டி.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். நீங்க அந்த முழங்கைக்காரியோட நல்லா இருங்க."

"எந்த முழங்கை?"

"சட்டைப் பையில வச்சுக் கொஞ்சிக்கிட்டுத் திரியுறீங்களே, அந்த முழங்கை!"

ஆண்டிச்சாமியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அது வேறு சட்டை. அவர் முகம் வெளுத்துவிட்டது. அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"முனீசு, அது முழங்கை இல்ல."

"பின்ன?"

அவர் அவளைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரிடம் பேசினார். "தையில இருந்து எனக்கு... அது வளைஞ்சு போச்சு. வலி வேற. கெட்ட வியாதியோன்னு பயந்துதான் உன் பக்கமே வரல. டவுன்ல டாக்டரைப் பார்த்தேன். உள்ள தழும்பு கணக்கா தடிச்சுப் போயிருக்காம். புத்துநோய் இல்லையாம், ஒட்டுற வியாதியும் இல்லையாம். நெறைய ஆம்பளைகளுக்கு வாரதுதானாம். வெளிய சொல்ல மாட்டாங்களாம். ஊசி இருக்கு, கேக்கலைன்னா பொறுத்துப் பார்த்து ஆபரேசன் இருக்குன்னாரு. எம்புட்டு வளைவுன்னு பார்க்கணும், வீட்ல அந்த நேரமாப் பார்த்து ஒரு படம் எடுத்துட்டு வாங்கன்னாரு. பட்டறையில எந்தக் கோணத்தையும் அளந்துருவேன். இதை எப்படி அளக்க?"

முனீஸ்வரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது.

"எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா? அப்ப வேற எவளும் இல்லைல?"

"சத்தியமா இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆண்டிச்சாமிக்கு உயிர் வந்தது.

"சரி, படத்தைக் குடு. நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டணும். வேற பொம்பளைக எவ கண்ணுலயும் பட்டுறக் கூடாது."

முனீஸ்வரி வாயைத் திறப்பதற்குள், காம்பவுண்டுக்கே கேட்கும்படி வெளியே வளையல்காரியின் குரல் எழுந்தது.

"ஏத்தா முனீஸ்வரி! இருபது வருசமா வளையல் போட்டு விடுறேன், இது கையே இல்லத்தா. யாரா இருந்தாலும், காலங்கடத்தாம நல்ல டாக்டராப் பார்க்கச் சொல்லு!"