இருபத்து நான்காம் பக்கம்

இருபத்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

‘வடிகட்டியின் (பில்டர்) மூடியில் உள்ள ஆறு போல்ட்டுகளையும் கழற்றவும்.’

தாளைப் புரட்டினாள்.

‘எச்சரிக்கை: கழற்றும் முன், அடியில் உள்ள சிவப்பு வால்வைத் திறந்து, தேங்கிய கொதிநீரை வெளியேற்றவும். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் பில்டருக்குள் அழுத்தம் இருக்கும்.’

முன்பக்கத்துக்கு வந்தாள். மறுபடி புரட்டினாள்.

அவள் எழுதியதுதான். ஒரு சொல் தப்பில்லை.

புத்தகம் சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். தாள் சிறுத்தது. கம்ப்யூட்டரில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு வரிகளும் பிரிந்துபோயின. அவளுடைய பிரதி அச்சகத்திலிருந்து இன்று காலைதான் மேசைக்கு வந்திருந்தது.

எச்சரிக்கை முதலில் வர வேண்டும். செய்ய வேண்டியது அதன் பிறகுதான். இயந்திரக் கையேடு எழுத வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது அது. அவளுக்கும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது நடை இடறியது. எச்சரிக்கையைக் கீழே இறக்கினாள். சரளமாக இருந்தது.

நடையாம். நூலுக்குச் சாயம் ஏற்றுகிற இயந்திரத்துக்கு நடை.

தமிழில் எம்.ஏ. படித்தவள். கிடைத்த கல்லூரி வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தாள்.

“மிக்சி வாங்கினா கூடவே ஒரு புக்கு வருமே, அதையா எழுதறே?” என்று அக்கா கேட்டாள். வீடே சிரித்தது.

அவள் சட்டை செய்யவில்லை. கவிதை படித்துவிட்டு யாரும் எழுந்து போய் எதையும் செய்வதில்லை. அவள் எழுதினால் செய்வார்கள். திருப்பு என்றால் திருப்புவார்கள். நிறுத்து என்றால் நிறுத்துவார்கள். அந்தக் கர்வத்துக்காகவே வந்தாள். இன்றுவரை அதற்காக வருந்தியதும் இல்லை.

முதலில் அச்சிட்ட பத்துப் புத்தகங்களில் ஒன்றுதான் வெளியே போயிருந்தது. பெருந்துறையில் ஒரு மில்லுக்கு, முதல் இயந்திரத்தோடு.

அந்த மில்லில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிட்டர் மயிலானந்தம் போன வாரம் கம்பெனிக்குப் போன் செய்தார். எதுவும் கெட்டுப்போகவில்லை. புத்தகம் எழுதியவரோடு பேச வேண்டுமாம். முப்பது வருஷ சர்வீஸில் இப்படிப் புரிகிற மாதிரி ஒரு புத்தகத்தைப் பார்த்ததில்லை என்றார். இனிமேல் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யப் போவதில்லை, வரி வரியாகப் படித்துத்தான் செய்வேன் என்றார்.

அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கியது போன வெள்ளிக்கிழமை. ஒரு வாரம் ஆனதும் பில்டரைச் சுத்தம் செய்யச் சொல்கிறது ஒன்பதாம் பக்கம்.

இன்று வெள்ளி.

மணி பத்தேகால்.

மில்லின் எண்ணைத் தேடி அழுத்தினாள். சூப்பர்வைசர் எடுத்தார். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

அவள் பெயரைச் சொன்னாள். கம்பெனியைச் சொன்னாள்.

“அடடே, புக்கு எழுதுன மேடம்ங்களா? மயிலண்ணன் காலையில இருந்து அந்த வேலையாத்தானுங்க இருக்கறாரு. புக்கைத் தொறந்து பக்கத்துல வெச்சுட்டு, ஒரு வரி படிக்கறது, ஒரு வரி செய்யறது. ஒரு வரி முந்தறதில்லீங்க.”

“நிறுத்தச் சொல்லுங்க. பில்டரத் தொட வேண்டாம்னு சொல்லுங்க.”

“என்னங்க?”

“நிறுத்தச் சொல்லுங்க.”

“சத்தத்துல ஒண்ணுங் கேக்கலீங்க மேடம். இருங்க, போனை அண்ணன் கையிலயே குடுத்தர்றனுங்க.”

அவர் நடக்கத் தொடங்கினார். இரைச்சல் கூடியது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இன்னொரு ஆளையும் அவளே அந்த மூடியின் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

“நீங்க போகாதீங்க. அங்க இருந்தே கத்துங்க. போகாதீங்க.”

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனின் மறுமுனையில் யாருக்கும் கேட்கவில்லை.

செருப்புச் சத்தம். ஓர் இரும்புக் கதவு. படிகள்.

“மயிலண்ணா, போன். புக்கு எழுதுன மேடம்.”

கொஞ்ச தூரத்திலிருந்து மயிலானந்தத்தின் குரல் வந்தது. சந்தோஷமான குரல்.

“சித்த நேரம் இருக்கச் சொல்லு கண்ணு. ரெண்டு கையும் வேலையா இருக்குது.”