நேற்றுப் பிடித்த தண்ணீர்

அம்பிட்டிய மலைச்சரிவில் வெயில் ஏறிவிட்டது. தவமணியின் வாசலுக்கு எதிரே, மலை ஊற்றின் நீரைக் கொண்டுவரும் பீலியில் தண்ணீர் செம்மண் கரைந்து விழுகிறது. மேலே, ஊற்றை ஒட்டிப் புது வீடுகளுக்காக மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் உறுமும்போதெல்லாம் அது இன்னும் குழம்பாகிறது. ஊரே போய்ச் சொல்லியும் வேலை நிற்கவில்லை. பீலிக்கடியில் வைத்த வாளியை எடுக்கவும் மனமில்லாமல், விடவும் மனமில்லாமல் நிற்கிறாள் தவமணி. உறுமல் ஓய்கிறது. பெக்கோ ஓட்டுகிறவன் முகமெல்லாம் புழுதியோடு சறுக்கிச் சறுக்கி இறங்கி வருகிறான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று அவள் முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க. நாக்கெல்லாம் ஒட்டிக்கிச்சு," என்கிறான்.  உள்ளே போய், நேற்று உறுமல் தொடங்குமுன் பிடித்த குடத்தின் அடியில் கிடப்பதைச் செம்பில் சாய்த்துக் கொண்டுவருகிறாள். அவன் அண்ணாந்து குடிக்கிறான். தொண்டை ஏறி இறங்குகிறது. தாடையில் வழியும் துளி கண்ணாடிபோல மின்னுகிறது. "என்னா ருசிக்கா! எங்க பிடிச்சீங்க?"  தவமணி அவன் முதுகுக்குப் பின்னால் கைகாட்டுகிறாள். அங்கே பீலி சிவப்பாக விழுந்துகொண்டிருக்கிறது.