மாதாவின் மேல் ஒட்டிய தாள்

1938-ஆம் வருஷத்து மாசி வெயில், தருமபுரிப் பெண்கள் பள்ளியின் சரித்திர வகுப்புக்குள் சாய்ந்து விழுகிறது. ஆசிரியை ஞானசுந்தரி சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாடத்துக்காக அவள் சேலத்திலிருந்து வாங்கிவந்த அச்சுப்படம் அங்கே தொங்குகிறது. நானூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் யாரோ வரைந்த மாதா, அதில் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அந்த மார்பின்மேல் இப்போது ஒரு பழுப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. பசையின் ஈரம் நீல முக்காட்டில் வழிந்து மினுங்குகிறது. "பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம்ங்க டீச்சர். அசிங்கமா இருக்குதுன்னு நான்தான் ஒட்டச் சொன்னேன்" என்கிறார் பள்ளி மேனேஜர் ராஜவேலு. சொல்லிவிட்டு ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கிறார். வெளியே, வத்தல்மலையிலிருந்து நெல்லிக்காய் விற்க வந்த ராமக்கா, கூடையருகே உட்கார்ந்து தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "ஏய், எந்திரிச்சு அந்தாண்ட போ! பள்ளிக்கூடத்து முன்னால என்ன இது?" அவள் பதறி எழுகிறாள். வாயிலிருந்து காம்பு நழுவிய குழந்தை வீறிடுகிறது. ஞானசுந்தரி மேனேஜர் பக்கம் திரும்புகிறாள். "நீங்களும் நானும் இதைக் குடிச்சுத்தானுங்களே வளந்தோம்? இதுல எதுங்க அசிங்கம்?" கேட்டுவிட்டு விடுவிடுவென்று வெளியே போய், ராமக்காவைக் கைபிடித்து அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைக்கிறாள். "பசியாத்தும்மா. உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க." பெஞ்சுகளில் இருக்கும் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை சப்பும் சத்தம் மட்டும் கேட்கிறது. மேனேஜர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். "நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்." "சரிங்க" என்கிறாள் ஞானசுந்தரி. "இன்னைக்குப் பாடம் இருக்குதுங்க. கொஞ்சம் வெளிய இருங்க."