ரோஸ் கலர் கேமரா

கண்ணாடி மேசைமேல் கொட்டும் வெள்ளை வெளிச்சத்தில் கேமராக்கள் பளபளக்கின்றன. கேள்வி கேட்பவள் மனைவி; கடைக்காரர் பதில் சொல்வதோ பக்கத்தில் நிற்கும் கணவனுக்கு. "சென்சார் பெருசா இருக்கணும், கைப்பையில அடங்கணும்," என்கிறாள். "சார், மேடத்துக்கு இந்த ரோஸ் கலர் எடுப்பா இருக்கும். அமுக்கினா போதும், மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்." எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டியபடி கணவன் அதைக் கையில் வாங்குகிறான், கட்டைவிரல் லென்ஸ்மேலேயே அழுந்துகிறது. கடைக்காரர் ரேகையைப் பணிவாகத் துடைத்துவிட்டு, "சார், இங்க பாருங்க," என்று ஒரு படம் எடுத்துக் காட்டுகிறார். திரையில் கணவனின் முகம் முழுதாகச் சிரிக்கிறது. ஓரத்தில் அவளுடைய ஒரு காதும் பாதித் தோளும். "சூப்பரா விழுந்திருக்குல்ல?" என்கிறான். அவள் பல்லைக் கடிக்கிறாள். வாரக்கணக்கில் ஒவ்வொரு மாடலாக அலசியவள் இவள். அவன் வண்டி ஓட்டி வந்ததோடு சரி. "குடுங்க அத." வெடுக்கென்று பிடுங்கி, மேசையிலிருந்து இரண்டடி பின்னால் போய் ஜூமை இழுக்கிறாள். ஆண்கள் இருவரும் காலரைச் சரிசெய்துகொண்டு சிரிக்கத் தயாராகிறார்கள். கிளிக். திரையை அவர்கள் பக்கம் திருப்புகிறாள். இருபுறமும் மங்கலாக இரண்டு தலைகள். நடுவே, பின்னாலிருக்கும் அலமாரியில், ஒரு சின்னக் கறுப்புக் கேமரா. அதன் லென்ஸைச் சுற்றிய பொடி எழுத்துகூடத் துல்லியமாகத் தெரிகிறது. "இதுல எது தெளிவா இருக்கோ," என்கிறாள், "அத எடுத்து என் கையில குடுங்க."