கடைசி அரை மணி நேரம்

“அந்த வீடியோ கேம்ல ராணி சாகற கடைசி அரை மணி நேரந்தானுங்க கேமே! அதுக்கு முந்தின நாப்பது மணி நேரமும் வெறும் இழுவை!”

“இழுவையா? அந்த நாப்பது மணி நேரந்தானுங்க உயிரு. முடிவுதான் குப்பை!”

கல்யாணம் பேசி முடிக்க வந்த இடத்தில் இப்படிக் கத்தினால் எதிர்வீட்டுக்காரி எனக்குக் கேட்காதா? தயிர் வாங்கும் சாக்கில் உள்ளே நுழைந்துவிட்டேன். அவிநாசி மாப்பிள்ளை லியோ ஒரு பக்கம், எங்கள் ஜோவிதா மறுபக்கம், நடுவில் ஆறிப்போன காபி.

“வர்ற ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க ஃபாதர்கிட்டச் சொல்லியாச்சு. இப்பப் போயி கேமா கண்ணு?” என்று ஜோவிதாவின் அம்மா விமலாராணி கெஞ்சினாள்.

லியோ விடவில்லை. “எழுதினவங்களுக்கே தூக்கம் வந்திருக்குமுங்க!”

ஜோவிதா எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அத்தோடு கல்யாணம் நின்றது.

மறுநாள் மாடிப்படியில் அவளை மடக்கினேன். “ஒரு கேமுக்காகவா அம்மணி நல்ல பையனை விட்டே?”

“அந்த நாப்பது மணி நேரக் கதையையும் எழுதினது நானுங்கக்கா. முடிவை மட்டும் எங்க கம்பெனி மேனேஜர் மாத்திப்போட்டாரு.”

“அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொன்னா அவரு உடனே பிரமாதம்னு சொல்லுவாருங்க. அந்தப் பொய்யை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?”

லியோ தாராபுரத்தில் பெண் எடுத்தான். ஜோவிதா பெங்களூருக்குக் குடிபோய்விட்டாள், அந்த மேனேஜரையே கட்டிக்கொண்டு. கேட்டால், அவள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவர் அவர் ஒருத்தர்தானாம்.